இடுப்புக்கூடு முறிந்தவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவது ஏன், தடுப்பது எப்படி: வார்டில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் எலும்பு முறிவு வார்டில் பல வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். மிளகு பறிக்கும் மாதங்களில் ஏற்காட்டு எஸ்டேட்களில் சில்வர் ஓக் மரத்து ஏணியிலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். நெடுஞ்சாலையில் பைக்கோடு விழுந்தவர்கள் வருடம் முழுக்க வருவார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டிகளும் உண்டு. வேறு வேறு ஆட்கள்தான், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் அந்தச் சின்ன ஊசியைக் கையில் எடுத்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள். கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள் நிதானமாகப் படிக்கட்டும் என்று பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மருந்தையும் அளவையும் முடிவு செய்வது உங்கள் டாக்டர்தான். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரிய இது உதவும்.

அடிபட்டது இடுப்புல. கால்ல ரத்தம் உறையும்னு ஏன் சிஸ்டர் பயமுறுத்துறீங்க?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வயதானவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்தாலும் "இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு" என்றுதான் நம் ஊரில் சொல்கிறோம். நான் இங்கே பேசுவது இடுப்புக்கூடு பற்றி. முதுகெலும்பின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து வந்து முன்னால் சேரும் எலும்பு வளையம் அது. இரண்டு கால்களிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரைகள் அந்த வளையத்தின் உள்சுவரை ஒட்டித்தான் ஓடுகின்றன.

ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைய மூன்று காரணங்கள் உண்டு: ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறுவது. இடுப்புக்கூடு முறிந்தவருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன. எலும்பு விலகும்போது பக்கத்துச் சிரை இழுபடுகிறது, நசுங்குகிறது. பெரிய காயம் பட்டதும் உயிரைக் காப்பாற்ற உடம்பு ரத்தத்தை உறைய வைக்கும் வேலையை முடுக்கிவிடுகிறது. அதோடு ஆள் படுத்த படுக்கையாகிவிடுகிறார். நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அந்த வேலை நின்றால் ரத்தம் காலில் தேங்கும்.

ரத்தக்கட்டுன்னா நீலமா கன்னிப்போய் இருக்குமே, அதுங்களா?

இல்லை. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் வழக்கமாக ரத்தக்கட்டு என்று சொல்வது, குழாயிலிருந்து கசிந்த ரத்தம் தோலுக்கடியில் தங்குவது. அது நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி, தானே போய்விடும்.

இங்கே பேசுவது ரத்த உறைவு. ஆழத்தில் இருக்கும் சிரைக்குள் ரத்தம் ஜெல்லி மாதிரி கெட்டியாகிக் குழாயை அடைப்பது. வெளியே நிறம் மாறாமலே இருக்கலாம். அது துண்டாகப் பிய்ந்தால் ரத்தத்தோடு இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரல் குழாயில் சிக்கிக்கொள்ளும். பெரிய துண்டாக இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். டாக்டர் "ரத்தம் கட்டியிருக்கு" என்று சொன்னதை வெறும் கன்னிப்போன காயம் என்று நினைத்து, வீட்டில் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வார்த்தை ஒன்றாக இருப்பதால் வந்த வினை. அதனால்தான் நான் "உறைவு" என்றே அழுத்திச் சொல்வேன்.

இது எல்லாருக்குமா வருது? நூத்துல ஒருத்தருக்கு வருமா?

தடுப்பு எதுவும் செய்யாமல் விட்டால் நிறையப் பேருக்கு வரும். கனடாவில் டொராண்டோவில் பெரிய விபத்துகளில் சிக்கியவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1994-இல் வெளியானது. தடுப்பு மருந்து தராமல், சிரைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் 349 பேரில் 201 பேருக்குக் காலில் உறைவு இருந்தது. அவர்களில் 63 பேருக்கு அது முழங்காலிலும் அதற்கு மேலும் உள்ள பெரிய சிரைகளில். நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அந்த வகையில்தான் அதிகம்.

என்னை அதிர வைத்தது அதிலிருந்த இன்னொரு விவரம். அந்த 201 பேரில், சோதனைக்கு முன்பே சந்தேகப்படும்படியான அறிகுறி இருந்தது 3 பேருக்கு மட்டும். மற்றவர்களுக்கு வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. "கால் நல்லாத்தானே இருக்கு, ஊசி எதுக்கு?" என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். கால் நன்றாக இருக்கும்போதே போடவேண்டிய ஊசி இது.

எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு கிடையாது. வயது, உடல் பருமன், முன்பு ஒரு முறை உறைவு வந்தது, புற்றுநோய், கர்ப்பம், பிரசவமான முதல் சில வாரங்கள், கர்ப்பத்தடை மாத்திரை, கூடவே தொடை அல்லது கால் எலும்பும் முறிந்திருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். மாத்திரை சாப்பிடுவதைப் பெண்கள் பலர் மாமியார் எதிரில் சொல்லத் தயங்குவார்கள். தனியாக என்னைக் கூப்பிட்டாவது சொல்லிவிடுங்கள்.

ரத்தம் நிறையப் போயிருச்சுன்னு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனீங்க. இப்ப ரத்தம் உறையாம இருக்க ஊசிங்கறீங்க. ரெண்டும் எப்படிங்க சரியாகும்?

நியாயமான கேள்வி. இடுப்புக்கூடு முறிந்தால் உள்ளுக்குள் லிட்டர் கணக்கில் ரத்தம் போகலாம். முதல் சில மணி நேரம் ரத்தத்தை நிறுத்துவதுதான் ஒரே வேலை. தொடை எலும்பின் பக்கவாட்டு முனைகள் வெளியே தட்டுப்படும் உயரத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டுவதும் அதற்காகத்தான்.

ரத்தக் கசிவு நின்று, நாடித் துடிப்பும் பிரஷரும் நிலையாகி, ஹீமோகுளோபின் மேலும் இறங்கவில்லை என்று உறுதியானதும் அடுத்த ஆபத்து தொடங்குகிறது. ரத்தத்தை நிறுத்த உடம்பு முடுக்கிவிட்ட அதே வேலை இப்போது கால் சிரையில் நடக்கப் பார்க்கும். அதனால் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஊசி தொடங்கப்படும். அளவும் குறைவுதான். ஏற்கெனவே வந்த உறைவுக்குக் கொடுக்கும் அளவு வேறு, வராமல் தடுக்கக் கொடுக்கும் அளவு வேறு.

தலையிலயும் அடிங்க. அவருக்கும் ஊசி போடுவீங்களா?

மூளையில் ரத்தக் கசிவு இருந்தால் உடனே போட மாட்டார்கள். மறுபடி சிடி ஸ்கேன் எடுத்து, கசிவு பெரிதாகவில்லை என்று பார்த்த பிறகு நரம்பியல் டாக்டரும் எலும்பு டாக்டரும் பேசி முடிவெடுப்பார்கள். கல்லீரல், மண்ணீரல் காயத்துக்கும் இதே கணக்குத்தான். அதுவரை அடுத்த பதிலில் வரும் மெஷின்தான் துணை.

கால்ல காத்து ஏறி ஏறி இறங்குதே, அந்த மெஷின் எதுக்கு?

கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டியிருக்கும் பையில் காற்று நிரம்பிக் காலை அமுக்கும், பிறகு விடும். நடக்கும்போது தசை செய்கிற வேலையை அது செய்கிறது. ராத்திரி சத்தமாக இருக்கிறது, வியர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். கழற்றி வைத்தால் பலன் இல்லை. அரித்தால் சொல்லுங்கள், தோலைப் பார்த்துத் துடைத்துவிட்டு மறுபடி கட்டுகிறோம். ஆனால் பல மணி நேரம் கழற்றியே வைத்திருந்துவிட்டு நீங்களாகத் திரும்ப மாட்டாதீர்கள். அந்த இடைவெளியில் உறைவு வந்திருந்தால் அமுக்குவது ஆபத்து. முதலில் எங்களைக் கேளுங்கள்.

இறுக்கமான காலுறை சிலருக்குத் தருவார்கள். காலுக்கு ரத்தம் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்களும், காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளும் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிப் போடக்கூடாது.

பாதத்தை ஆட்டச் சொல்றீங்களே, உடைஞ்ச எலும்பு நகர்ந்துடாதா?

கணுக்காலை மட்டும் அசைத்தால் இடுப்புக்கூடு நகராது. பாதத்தை முகத்தை நோக்கி நன்றாக இழுங்கள், பிறகு தையல் மெஷின் மிதிப்பது போலக் கீழே அழுத்துங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு தடவை. டி.வி.யில் விளம்பரம் வரும்போதெல்லாம் செய்யுங்கள் என்று ஒரு தறிக்காரரிடம் சொன்னேன். அவர் மனைவி விளம்பரம் வந்ததும் "மிதிங்க, மிதிங்க" என்பார். காலம் முழுக்கத் தறி மிதித்த கால், அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கால் எலும்போ கணுக்காலோ கூட முறிந்திருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம், மற்றதைச் செய்யுங்கள். புரண்டு படுப்பது, உட்காருவது, கால் ஊன்றுவது எல்லாம் முறிவின் வகையைப் பொறுத்தது, டாக்டர் சொல்லும் நாளில்தான். அந்த நாள் வந்த பிறகும் "இன்னும் ஒரு வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று பாசத்தில் படுக்க வைக்காதீர்கள். பாத்ரூமில் விழுந்து முன்பக்க எலும்பு விரிசல் விட்ட பாட்டிகளுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை. வாக்கர் பிடித்து எவ்வளவு சீக்கிரம் நடக்கிறார்களோ அவ்வளவு நல்லது. தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும். பெட் பேன் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரைக் குறைக்கிறவர்கள் நிறைய. அது ரத்த ஓட்டத்துக்கு நல்லதல்ல.

எண்ணெய் போட்டு நீவி விடலாமா? ஊர்ல கட்டுப் போடறவர்கிட்ட காட்டலாமா?

காலை நீவவே கூடாது. சிரைக்குள் உறைவு இருந்தால், கெண்டைக்காலிலிருந்து மேல்நோக்கி உருவும் ஒவ்வொரு உருவலும் அதைப் பிய்த்துவிடப் பார்க்கும். அறிகுறி இல்லாமலே உறைவு இருக்கலாம் என்று மேலே சொன்னேனே, அதனால் "வீக்கம் இல்லையே, லேசாகத்தானே" என்பதும் பொருந்தாது.

மலையிலிருந்து வந்த ஒருவர் என் நினைவில் அப்படியே இருக்கிறார். மரத்திலிருந்து விழுந்து, முறிவு பெரிதில்லை என்று வேறிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊசி பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் படுத்த இரண்டாவது வாரம் இடது கால் கனக்கிறது என்றார். அக்கா தினமும் நல்லெண்ணெய் காய்ச்சித் தொடையிலிருந்து பாதம் வரை தேய்த்திருக்கிறார். ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவருக்கு மூச்சு முட்டியது. எங்களிடம் வரும்போது நெற்றியெல்லாம் வியர்வை, உதடு நிறம் மாறியிருந்தது. பிழைத்துக்கொண்டார். அந்த அக்கா அன்று முழுக்கத் தன் கையையே பார்த்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கட்டுப் போடுவது கை மணிக்கட்டுக்கு எப்படியோ, இடுப்புக்கூட்டைக் கட்டுப் போட்டுச் சேர்க்க முடியாது. இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் நின்ற ரத்தம் மறுபடி கசியத் தொடங்கலாம்.

ஆபரேஷன் அன்னைக்கு மட்டும் ஊசி போடலையே, மறந்துட்டீங்களா?

மறக்கவில்லை. முதுகில் மயக்க ஊசி போடுவதற்கும் அதற்கு முந்தைய தடுப்பு ஊசிக்கும் குறைந்தது 12 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொல்லும் நேரத்தில் மறுபடி தொடங்குவோம்.

வீட்டுக்குப் போனா நாங்களே ஊசி போடணுமாம். கை நடுங்குதுங்க.

டிஸ்சார்ஜுக்கு முன் எங்கள் கண்ணெதிரில் இரண்டு முறையாவது போட்டுப் பாருங்கள். எனாக்ஸாபரின் என்னும் மருந்து அளவோடு நிரப்பியே வரும் சிரிஞ்ச் அது. ஊசி மெல்லியது. தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒருநாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம். தழும்பு, காயம் உள்ள இடம் வேண்டாம். கையைக் கழுவி, இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலைத் தடிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசியை நேராக முழுசாக இறக்கி மெதுவாக அழுத்துங்கள். ஊசியை எடுக்கும் வரை பிடித்த தோலை விடக்கூடாது.

சிரிஞ்சுக்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழி தெரியும். எல்லோரும் அதைப் பார்த்துப் பயந்து தட்டி வெளியேற்றப் பார்க்கிறார்கள். அப்படியே விடுங்கள். மருந்து முழுவதும் உள்ளே போவதற்காக வைத்தது அது. வெளியேற்றினால் கூடவே மருந்தும் ஒரு சொட்டுப் போய்விடும். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், நீலமாகும். அந்த நீலம்தான் முன்பு சொன்ன சாதாரண ரத்தக்கட்டு, பயம் வேண்டாம். மருந்தை ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. சேலத்து ஏப்ரல், மே வெயிலில் தகரக் கூரைக்கடியிலும் வேண்டாம். வீட்டில் குளிர்ச்சியான, நிழலான இடம் பாருங்கள். ஊசி முனைகளைக் கெட்டியான டப்பாவில் சேர்த்து, அடுத்த முறை வரும்போது எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒருநாள் மறந்துவிட்டால், ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த ஊசிக்கான நேரமே நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது.

இந்த மருந்து பன்றியிலருந்து எடுக்கறதுன்னு சொல்றாங்க, நெசமா?

உண்மைதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு ஊசியான ஹெப்பரினும் எனாக்ஸாபரினும் பன்றிக் குடலின் உள்சவ்விலிருந்து எடுக்கப்படுபவை. மத நம்பிக்கையாலோ சைவம் என்பதாலோ மனது ஒப்பவில்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஃபாண்டாபரினக்ஸ் என்ற ஊசி முழுக்கவே ஆய்வகத்தில் தயாராவது, மாத்திரைகளும் இருக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்று டாக்டர் பார்ப்பார். சொல்லாமல் ஊசியைக் குப்பையில் போடுவதுதான் ஆபத்து.

ஊசிக்குப் பதிலா ஆஸ்பிரின் போதும்னு மருமகன் போன்ல படிச்சாராம். செலவும் கம்மியாமே?

அவர் படித்ததில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12,211 எலும்பு முறிவு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. கை, கால் எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களும், இடுப்புக்கூடு முறிந்தவர்களும் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு எனாக்ஸாபரின், பாதிப் பேருக்கு ஆஸ்பிரின். 90 நாளில் இறந்தவர்கள் ஆஸ்பிரின் பக்கம் 0.78 சதவீதம், ஊசி பக்கம் 0.73 சதவீதம். நுரையீரல் அடைப்பு இரு பக்கமும் 1.49 சதவீதம். ஆக உயிரிழப்பில் ஆஸ்பிரின் சளைக்கவில்லை. ஆனால் கால் சிரை உறைவு ஆஸ்பிரினில் 2.51 சதவீதம், ஊசியில் 1.71 சதவீதம்.

எனவே சில டாக்டர்கள் ஆஸ்பிரினுக்கு மாற்றுகிறார்கள். ஆபத்துக் காரணங்கள் அதிகம் உள்ளவருக்கு ஊசியையே தொடர்கிறார்கள். இரண்டும் நியாயமான முடிவுகள்தான். போனைப் பார்த்து நீங்களே மாற்றிக்கொள்வது மட்டும் சரியில்லை. ஊசி வாங்கப் பணம் இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பாதியில் நிறுத்துவதைவிட, விலை குறைந்த மருந்தை முழுசாகச் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

எத்தனை நாளைக்குங்க?

பொதுவாக நாலு முதல் ஆறு வாரம். எழுந்து நடமாடாதவர்களுக்கு நீளலாம். தையல் பிரித்தாயிற்று என்பதால் ஆபத்து முடிந்துவிடாது. நான் மேலே சொன்ன மலைக்காரருக்கு மூச்சு முட்டியது வீட்டில்தான்.

முருங்கைக்கீரை சாப்பிடலாமா? வலி மாத்திரை போடலாமா?

எனாக்ஸாபரின் ஊசி, ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் மாத்திரைகள் இவற்றுக்குக் கீரையில் கட்டுப்பாடு இல்லை. வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும். அவர்களும் அடியோடு விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை விடாமல் செய்தால் போதும்.

கீரையைவிட எனக்குக் கவலை வலி மாத்திரைதான். மெடிக்கலில் தாமாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகைகள் இந்த மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, மூக்கில் வடியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, திடீரெனக் கடும் தலைவலி வந்தாலோ உடனே வாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எனாக்ஸாபரின் உடம்பில் தங்கிவிடும், அளவைக் குறைக்க வேண்டும். அதற்காகத்தான் கிரியாட்டினின் பார்க்கிறோம்.

எப்படி இருந்தா உடனே ஓடி வரணும்?

ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் இறுகி வலித்தால், சூடாக இருந்தால் அன்றே வாருங்கள். தையல்காரர் டேப்பால் தினமும் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வைத்தால் வித்தியாசம் தெரியும். தொடை முழுக்க வீங்கினால் அடைப்பு இடுப்புச் சிரையில் இருக்கலாம். இடப்பக்கச் சிரையின் மேல் ஒரு தமனி குறுக்கே போய் அதை அழுத்துவதால், இடது காலில்தான் இது அதிகம்.

திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், படபடப்பு, மயக்கம், இருமலில் ரத்தம் என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் "விடியட்டும்" என்று காத்திருக்கக்கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள். அவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

கால் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னாங்க. அப்புறமும் டாக்டர் ஏன் சந்தேகப்படறார்?

டாப்ளர் ஸ்கேன் தொடை வரை நன்றாகக் காட்டும். இடுப்புக்கூட்டுக்குள் ஆழத்தில் ஓடும் சிரைகளைக் குடலும் வாயுவும் மறைத்துவிடும். அங்கே சந்தேகம் இருந்தால் சாயம் செலுத்தி சிடி எடுக்க வேண்டிவரும். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைச் சிலர் கேட்கிறார்கள். எலும்பு முறிந்த எல்லோருக்கும் அது கூடுதலாகத்தான் இருக்கும் என்பதால் இந்த இடத்தில் அதிகம் உதவாது.

பெரிய ரத்தக் குழாய்ல வடிகட்டி வைக்கலாமாமே?

காலிலிருந்து பிய்ந்து வரும் உறைவை நுரையீரலுக்குப் போகாமல் பிடிக்கும் வடிகட்டி அது. எல்லோருக்கும் வைப்பதில்லை. மருந்து கொடுக்க முடியாத நிலையில் இருந்த 240 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில் (2019), வடிகட்டியை முதலிலேயே வைத்ததால் 90 நாளில் நுரையீரல் அடைப்பும் இறப்பும் சேர்ந்த கணக்கு குறையவில்லை. உறைவு வந்தும் மருந்து தரவே முடியாதவர்களுக்கு இன்றும் அது பயன்படுகிறது. வைத்தால், எப்போது எடுப்பார்கள் என்று அன்றைக்கே தேதி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறந்துபோய் வருடக்கணக்கில் உள்ளேயே விட்டால் அதுவே சிரையை அடைக்கும்.

இவ்வளவு செஞ்சும் உறைஞ்சிருச்சுன்னா?

தடுப்பு ஆபத்தைக் குறைக்கும், பூஜ்ஜியமாக்காது. வந்துவிட்டால் மருந்தின் அளவு கூடும், குறைந்தது மூன்று மாதம் தொடரும். மருந்து உறைவைக் கரைக்காது. அது மேலும் வளராமல் தடுக்கும், கரைப்பதை உடம்பே மெதுவாகச் செய்துகொள்ளும். அதனால்தான் இத்தனை மாதம். கால் வீக்கம் மாலையில் சிலருக்கு நெடுநாள் இருக்கும், படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ்ஸில் போக வேண்டியிருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். போகும்போது மாத்திரையைப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நாலடி நடங்கள். இறங்க முடியாத நேரத்தில் சீட்டில் உட்கார்ந்தபடியே பாதத்தை மிதியுங்கள்.